தண்ணீரைச் சுமக்கும் லாரிகள்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர். இந்த ரோட்டில் ஓடும் லாரிகளில் என்னென்ன போகிறது என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். நெல், அரிசி, தவிடு, கரும்பு, மல்லாட்டை மூட்டை, ஜல்லி, செங்கல், சவுக்குக் கட்டை... பட்டியலில் யாரும் சேர்க்க விரும்பாத வண்டி ஒன்றும் உண்டு. செப்டிக் டேங்க் லாரி. அது பக்கத்தில் வந்தாலே பஸ்ஸில் இருப்பவர்கள் ஜன்னலை இறக்கிவிடுவார்கள்.

அந்த வண்டியில் என்ன போகிறது? "இது என்ன கேள்வி, வேறு என்ன?" என்பீர்கள். உண்மையில் அதில் போவது தண்ணீர். 100 லிட்டருக்கு 97, 98 லிட்டர் வெறும் தண்ணீர்தான். மீதி 2, 3 பங்குதான் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் சமாச்சாரம்.

அந்தத் தண்ணீரை எப்படிப் பிரிப்பது என்பதும், ஊரில் கிடைக்கும் கழிவுகளையே அதற்கு எப்படிப் பயன்படுத்துவது என்பதும்தான் இந்தப் பதிவின் விஷயம். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு வரலாம்.

ஒரு டன் கசடு, ஐம்பது டன் சுமை

முதலில் ஒரு சின்ன கணக்கு. பொறியாளர்கள் 'ஸ்லட்ஜ்' என்று சொல்வதைத் தமிழில் கசடு என்கிறார்கள். வீட்டு செப்டிக் டேங்கிலும் தேங்கும், சுத்திகரிப்பு நிலையத்திலும் அடியில் படியும். முழுக்கக் காயவைத்தால் 1 டன் எடை வரக்கூடிய கசடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 2 சதவீதம் திடப்பொருளாக, அதாவது குழம்பு மாதிரி இருக்கும்போது மொத்த எடை 50 டன். 10 டன் ஏற்றும் லாரி என்றால் 5 நடை.

அதையே 4 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 25 டன். பார்ப்பதற்கு இன்னும் குழம்புதான். ஆனால் சுமை பாதியாகிவிட்டது. 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 5 டன். இப்போது அது மண்வெட்டியால் அள்ளக்கூடிய களிமண் பதம். அரை லாரிதான். 5 நடை அரை நடையாகிவிட்டது. மிச்சமானது டீசல், டயர், டிரைவர் பேட்டா.

ஆனால் மிச்சமாவது டீசல் மட்டும் இல்லை. நடை செலவு கூடக் கூட, வண்டியை நிலையம் வரை கொண்டுபோகாமல் இருட்டில் ஏதாவது ஏரிக்கரையிலோ, வாய்க்காலிலோ, ஆளில்லாத நிலத்திலோ திறந்துவிடும் ஆசையும் கூடும். பல ஊர்களில் நடப்பது இதுதான். காசுக் கணக்கு தப்பாக இருக்கும் இடத்தில் சட்டம் மட்டும் தனியாக நின்று எவ்வளவு நேரம் காவல் காக்கும்?

2014ல் தமிழ்நாடு அரசு உள்ளாட்சிகளுக்காக செப்டிக் டேங்க் கசடு மேலாண்மை வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதே 2014ல்தான் தூய்மை இந்தியா திட்டமும் தொடங்கி, நாடு முழுக்கக் கோடிக்கணக்கில் கழிப்பறைகள் கட்டப்பட்டன. கழிப்பறை கட்டினால் தொட்டி நிரம்பும். நிரம்பினால் எடுக்க வேண்டும். எடுத்ததை எங்கேயோ கொட்ட வேண்டும். விழுப்புரம் நகரில் பல பகுதிகளுக்குப் பாதாள சாக்கடை வந்துவிட்டது. திண்டிவனத்திலோ பல பத்தாண்டுகளாக வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான் கதி. குழாய் வழியாக வந்தால் என்ன, லாரி வழியாக வந்தால் என்ன, கடைசியில் இரண்டு ஊருக்கும் மிஞ்சுவது அதே கசடுதான்.

சப்ஜா விதையும் இட்லி மாவும்

"தண்ணீர்தானே, வடிகட்டிவிட்டால் போகிறது" என்று தோன்றும். அவ்வளவு சுலபம் இல்லை.

சோறு வடிக்கும்போது கஞ்சி தானாக இறங்கிவிடுகிறது. பருக்கைகளுக்கு நடுவே இருப்பது சும்மா நிற்கும் தண்ணீர். கசடிலும் இப்படி சும்மா நிற்கும் தண்ணீர் உண்டு. கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் அது மேலே தெளிந்து நிற்கும். பிரச்சினை மீதித் தண்ணீர். கசடில் இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் தங்களைச் சுற்றி ஒரு வழவழப்பான பசையைச் சுரந்து வைத்திருக்கின்றன. சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டால் சுற்றிலும் ஒரு வழவழப்பு ஊதி நிற்கும் பாருங்கள், அது மாதிரி. அப்படி ஊறிய சப்ஜா விதையைக் கையால் பிழிந்து தண்ணீரை எடுக்க முடியுமா? வழுக்கிக்கொண்டு ஓடும், தண்ணீரை விடாது.

சரி, துணியில் கட்டி அழுத்திப் பிழியலாமா? இட்லி மாவைத் துணியில் கட்டிப் பிழிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் கொஞ்சம் தண்ணீர் வரும். அப்புறம் மாவு துணியின் கண்களை அடைத்துக்கொள்ளும். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு இறுக்கமாக அடைக்கும். கடைசியில் வெளியே ஒரு தோல், உள்ளே அதே மாவு. ஆனால் தேங்காய்த் துருவலைப் பிழிந்தால் கடைசிச் சொட்டுப் பால் வரை வருகிறது. ஏன்? துருவல் சொரசொரப்பானது. அழுத்தினாலும் துருவலுக்கும் துருவலுக்கும் நடுவே சந்து இருக்கும். பால் அந்தச் சந்து வழியாக வெளியே வந்துவிடும்.

கசடு இட்லி மாவு ஜாதி. அதைத் தேங்காய்த் துருவல் ஜாதியாக மாற்றுவது எப்படி என்பதுதான் முழு ஆராய்ச்சியும்!

அதற்கு இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, நுண்துகள்களைத் திரள வைப்பது. இவை பெரும்பாலும் எதிர்மின்சுமை கொண்டவை. அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். கலங்கல் தண்ணீர்ப் பானையில் தேத்தாங்கொட்டையை உரசித் தெளியவைத்தார்களே நம் பாட்டிமார்கள், அதே வேலைதான். நிலையங்களில் இதற்குப் படிகாரம், ஃபெரிக் குளோரைடு, சுண்ணாம்பு, இல்லாவிட்டால் பாலிஅக்ரிலமைடு என்ற பாலிமர் போடுகிறார்கள். பாலிமர் டன் உலர் கசடுக்குச் சில கிலோ போதும். ஆனால் விலை அதிகம். காசு கொடுத்து வாங்கி, கரைத்து, கசடோடு சேர்த்து அனுப்பிவிடுகிற பொருள். திரும்பி வராது.

இரண்டாவது வேலை, திரண்டதற்கு நடுவே சந்து விடுவது. கெட்டியான, அழுத்தினாலும் நசுங்காத ஒரு பொருளைக் கலந்துவிட்டால் அது உள்ளே எலும்புக்கூடு மாதிரி நின்று தண்ணீருக்கு வழிவிடும். ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் 'எலும்புக்கூடு கட்டுவது' என்ற பொருளில்தான் இதற்குப் பெயர். இந்த இடத்தில்தான் கழிவுப் பொருட்கள் உள்ளே வருகின்றன. நிலக்கரிச் சாம்பல், உமி, உமிக் கரி, கரும்புச் சக்கை, மரத்தூள், ஜிப்சம் என்று உலகம் முழுக்கச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சீனாவில் நெல் உமிக் கரியை ஃபெரிக் குளோரைடோடு சேர்த்துச் செய்த சோதனைகள் உண்டு. இரண்டும் சேர்ந்தால்தான் பலன் என்பதே அதில் கவனிக்க வேண்டியது. சாம்பலை மட்டும் கொட்டினால் சந்து இருக்கும், ஆனால் பசை அந்தச் சந்தை அடைக்கும். மருந்தை மட்டும் போட்டால் திரளும், ஆனால் அழுத்தினால் நசுங்கும்.

முதல் வேலைக்கான மருந்தையே கழிவிலிருந்து எடுக்கும் முயற்சிகளும் உண்டு. குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரம் போட்டு மிஞ்சும் கசடை மறுபடி பயன்படுத்துவது ஒரு வழி. 1990களில் ஜப்பானின் சோனி நிறுவன ஆராய்ச்சியாளர்கள் பழைய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை வேதிவினையால் தண்ணீரில் கரையும் பாலிமராக மாற்றி, கழிவுநீர்த் துகள்களைத் திரட்டப் பயன்படுத்திப் பார்த்தார்கள். டிவி பெட்டியைச் சுற்றி வந்த தெர்மோகோல் சாக்கடைக்கு மருந்தாவது, நினைத்துப் பார்க்கவே வேடிக்கைதான்.

ஊரில் என்ன கிடைக்கிறது?

ஜப்பான் வரை போக வேண்டாம். விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

நெல்: 1 டன் நெல்லை அரைத்தால் ஏறக்குறைய 200 கிலோ உமி. அந்த உமியை பாய்லரில் எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல். சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் சொந்தக்காரன். நுண்ணிய துளைகள் நிறைந்தது, அழுத்தினாலும் சட்டென்று நசுங்காது.

கரும்பு: முண்டியம்பாக்கத்திலும் பெரியசெவலையிலும் சர்க்கரை ஆலைகள் உண்டு. 1 டன் கரும்பு ஆடினால் சுமார் 300 கிலோ சக்கை. சக்கை ஆலை பாய்லருக்கே போய்விடும். மிஞ்சுவது சக்கைச் சாம்பலும், சாறு வடிகட்டிய ஆலைச்சேறும்.

மல்லாட்டை: மற்ற ஊர்க்காரர்களுக்கு நிலக்கடலை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டிஎம்வி ரகங்களின் பெயரில் 'டி' என்ற எழுத்தே திண்டிவனத்தைக் குறிப்பதுதான். 1940ல் வந்த டிஎம்வி 2 தென்னிந்தியா முழுக்கப் பரவிய ரகம். காய் எடையில் கால் பங்குக்கு மேல் தோல்தான்.

நெய்வேலிச் சாம்பல்: பக்கத்து கடலூர் மாவட்டம். பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் கசடுக்கு எலும்பாகவும் கொஞ்சம் மருந்தாகவும் உதவக்கூடியது.

படித்தவுடனே என்ன தோன்றும்? "ஒரு பக்கம் மலையாகக் கிடக்கும் சாம்பல், இன்னொரு பக்கம் வடியாத கசடு. இரண்டையும் சேர்த்துவிட்டால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!" செய்தித்தாளில் வரும் கல்லூரி புராஜெக்ட் செய்திகளும் பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடும். கணக்குப் புத்தகத்தை இங்கேதான் திறக்க வேண்டும்.

கணக்கில் ஒரு ஓட்டை

மறுபடி அதே 1 டன் உலர் கசடு. மருந்து மட்டும் போட்டு வடித்தால் 20 சதவீதம் திடப்பொருள், மொத்தம் 5 டன் என்று பார்த்தோம். இப்போது அரை டன் சாம்பல் கலக்கிறார்கள். வடித்துப் பார்த்தால் 30 சதவீதம்! ஈரப்பதம் 80லிருந்து 70 ஆகக் குறைந்துவிட்டது. ரிப்போர்ட்டில் எழுதினால் கைதட்டல்தான்.

இப்போது எடை போடுங்கள். திடப்பொருள் இனி 1 டன் இல்லை, சாம்பலோடு சேர்த்து 1.5 டன். அது மொத்தத்தில் 30 சதவீதம் என்றால் மொத்த எடை... 5 டன்!

அதாவது லாரிக்கு ஒரு கிலோகூடக் குறையவில்லை. அரை டன் தண்ணீர் வெளியே போயிருக்கிறது, அரை டன் சாம்பல் உள்ளே வந்திருக்கிறது. ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போட்ட கதை. 30க்குப் பதில் 28 சதவீதம்தான் வந்தது என்றால் மொத்தம் சுமார் 5.4 டன். ஈரப்பதம் குறைந்திருக்கிறது, சுமை கூடியிருக்கிறது. சாம்பலைக் கொண்டுவந்த வண்டி வாடகை தனி.

அதே அரை டன் சாம்பலுக்கு 40 சதவீதம் வந்தால்? 1.5ஐ 0.4ஆல் வகுத்தால் 3.75 டன். இது நிஜமான லாபம். இல்லை, அவ்வளவு சாம்பல் வேண்டாம், 100 கிலோ மட்டும் போட்டு 25 சதவீதம் வந்தால்? 4.4 டன். பார்க்கச் சின்ன முன்னேற்றம் மாதிரி தெரியும் இது, அந்தப் பிரமாதமான 30 சதவீதத்தைவிட மேல்.

ஆக, "ஈரப்பதம் எவ்வளவு குறைந்தது?" என்ற கேள்வியே தப்பு. "முதலில் இருந்த ஒவ்வொரு கிலோ கசடுக்கும் இப்போது எத்தனை கிலோ தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கிறது? மொத்தச் சுமை எவ்வளவு?" என்றுதான் கேட்க வேண்டும். காமர்ஸ் படிப்பவர்கள் முதல் வருடத்திலேயே கற்றுக்கொள்ளும் விஷயம் இது. விற்பனை கூடிவிட்டது என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் கொள்முதல் எவ்வளவு கூடியது என்று பார்க்க வேண்டும். சதவீதம் தொகுதியால் மட்டும் மாறுவதில்லை, பகுதியை மாற்றினாலும் மாறும்.

எடையில் நஷ்டம், நாளில் லாபம்

அப்படியானால் சாம்பல் வேண்டாமா? அவசரப்பட வேண்டாம். பேரேட்டில் இன்னொரு பக்கம் இருக்கிறது. அது நேரம்.

பெருநகர நிலையங்களில் சென்ட்ரிஃபியூஜ், ஃபில்டர் பிரஸ் போன்ற இயந்திரங்கள் வைத்து வடிப்பார்கள். சின்ன ஊர்களுக்குக் கட்டுப்படியாகும் வழி உலர்படுகை. கீழே ஜல்லி, மேலே மணல், அதன் மேல் ஓரடிக்குள் கசடைப் பரப்புவது. முதல் சில நாட்களில் தண்ணீர் மணல் வழியாகக் கீழே இறங்கும். அப்புறம் மீதியை வெயில் எடுத்துக்கொள்ளும். நல்ல வெயில் காலத்தில் இரண்டு வாரத்தில் வெடித்த களிமண் மாதிரி காய்ந்துவிடும்.

இதற்கு நிஜ உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து சென்னை போகும் வழியில் மதுராந்தகத்தை ஒட்டிய கருங்குழி. இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் இந்தப் பேரூராட்சியில் 2017ல் தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் செயல்படத் தொடங்கியது. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 2015ல், கர்நாடகத்தின் தேவனஹள்ளியில் இப்படி ஒன்று வந்திருந்தது. கருங்குழியின் வேலையும் உலர்படுகையை நம்பித்தான். செப்டிக் டேங்க் லாரி வரும், கொட்டும், படுகையில் வடியும், காயும். வடிந்த தண்ணீர் தனியே சுத்திகரிப்புக்குப் போகும்.

இப்படிப்பட்ட படுகையில் ஒரு தடவைக்கு 14 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையில்லாத 280 நாட்களில் 20 தடவை நிரப்பலாம். சொரசொரப்பான ஒரு பொருளைக் கலந்ததால் தண்ணீர் சீக்கிரம் இறங்கி 10 நாளில் முடிகிறது என்றால் 28 தடவை. அதே படுகை, அதே நிலம், அதே சுவர். 8 தடவை கூடுதல். புதிதாக இடம் வாங்க வேண்டாம், கட்ட வேண்டாம். லாரி எடையில் லாபமே இல்லாவிட்டாலும் மூலதனச் செலவில் லாபம் வந்துவிடுகிறது. (இந்த நாட்கள் கணக்குப் புரிவதற்காகச் சொன்னவை, எந்த நிலையத்தின் புள்ளிவிவரமும் அல்ல.)

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த மாவட்டத்தின் வானமே சாட்சி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்தில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 50 சென்டிமீட்டருக்கு மேல். அப்படி ஒரு நாளில் திறந்த படுகையில் பாதி காய்ந்த கசடு கிடந்தால் என்ன ஆகும்? மறுபடி குழம்பாகும். குழம்பு வரப்பைத் தாண்டும். தாண்டினால் வாய்க்கால், ஏரி, கிணறு. அக்டோபர் மழைக்குள் படுகையைக் காலி செய்துவிட முடியுமா என்பது ஊரின் குடிதண்ணீரைத் தொடும் கேள்வி. அங்கே மிச்சமாகும் 4 நாளின் மதிப்பு எந்த டீசல் பில்லிலும் தெரியாது.

கடைசி வண்டி எங்கே போகிறது?

சரி, எந்தக் கழிவைக் கலப்பது? இதற்குப் பதில் படுகையில் இல்லை, காய்ந்த கசடு கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது.

வயலுக்கு உரமாகப் போகிறது என்றால் உமி, மல்லாட்டைத் தோல், ஆலைச்சேறு நல்லது. கசடில் தழைச்சத்து அதிகம், அதோடு ஒப்பிட்டால் கார்பன் குறைவு. மட்குவதற்கு இன்னும் கார்பன் வேண்டும். தோலும் உமியும் அதைத் தரும், காற்றுக்கும் வழிவிடும். அப்போது கலந்தது வெட்டிச் சுமை இல்லை, அதுவும் சரக்கின் ஒரு பகுதி. ஆனால் நிலக்கரிச் சாம்பலை இதில் கலக்கக் கூடாது. அதில் கன உலோகங்கள் இருக்கலாம். நகரக் கழிவு கம்போஸ்டுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் கன உலோக வரம்புகளே இருக்கின்றன. குடற்புழு முட்டைகள் சாதாரணமாகச் சாகாது என்பதால், சரியாகச் சூடேறி மட்கிய பிறகுதான் வயலுக்குப் போக வேண்டும்.

எரிக்கப் போகிறது என்றால் மல்லாட்டைத் தோல் போன்ற எரியும் பொருள்தான் சரி. சாம்பலைக் கலந்தால் ஏற்கனவே எரிந்து முடிந்ததை மறுபடி அடுப்பில் வைப்பது போல் ஆகும். செங்கல் சூளைக்குப் போகிறது என்றால் நிலைமை தலைகீழ். அங்கே சாம்பலின் சிலிக்கா மண்ணோடு சேர்ந்துகொள்ளும். எங்குமே போகவில்லை, குப்பைக் கிடங்கில் குவிக்கத்தான் போகிறார்கள் என்றால், கலக்கும் ஒவ்வொரு கிலோவும் கிடங்கில் இடத்தை அடைக்கும் நஷ்டக் கணக்கு.

முதலில் முடிவை எழுதிக்கொண்டு அப்புறம் கழிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலும் நடப்பது என்னவோ கையில் கிடைத்த கழிவைக் கலந்துவிட்டு, அப்புறம் "இதை என்ன செய்வது?" என்று விழிப்பதுதான்.

சும்மா கிடக்கிறது...

இன்னொரு ஏமாற்று வார்த்தை 'இலவசம்'. எந்த ரைஸ்மில் வாசலிலும் நடக்கக்கூடிய ஒரு பேச்சு வார்த்தையைக் கற்பனை செய்து பாருங்கள்.

"அண்ணே, இந்தச் சாம்பல் சும்மாத்தானே கெடக்கு?"

"சும்மாத்தான் கெடக்கு தம்பி. எடுத்துட்டுப் போக ஆள் இல்லாம தலவலியா கெடக்கு."

"தெனம் ஒரு வண்டி எடுத்துக்கட்டுமா?"

"தெனமா? அப்டின்னா ஒரு வெல பேசிக்கலாம் வா."

கேட்க ஆள் வந்த அந்த நிமிஷமே கழிவு சரக்காகிவிடுகிறது! உமிக்கு நடந்தது இதுதான். ஒரு காலத்தில் ரோட்டோரம் கொட்டிக் கிடந்த உமி, பாய்லர்களும் செங்கல் சூளைகளும் கேட்க ஆரம்பித்ததும் விலைக்குப் போகத் தொடங்கியது. நிலக்கரிச் சாம்பலும் அப்படியே. 1999ல் மத்திய அரசு சாம்பல் பயன்பாட்டுக்கான அறிவிக்கை வெளியிட்டதிலிருந்து சிமென்ட் ஆலைகளும் செங்கல்காரர்களும் அதற்கு வாடிக்கையாளர்கள். அதனால் திட்டம் போடுபவர்கள் சாம்பலின் விலையைப் பூஜ்யம் என்று எழுதக் கூடாது. விலை வந்தாலும் தாங்குமா என்று பார்த்துத்தான் இறங்க வேண்டும். தூரமும் அப்படித்தான். 10 கிலோமீட்டரில் கட்டுப்படியாகும் சாம்பல் 50 கிலோமீட்டரில் கட்டுப்படியாகாமல் போகலாம். நெய்வேலியில் இருப்பது திண்டிவனத்துக்கு உதவுமா என்பதை வேதியியல் மட்டும் தீர்மானிப்பதில்லை, லாரி வாடகையும் தீர்மானிக்கிறது.

கணக்கில் வராத ஒரு செலவும் இருக்கிறது. அது ஆள். உமிச் சாம்பல் மிக நுண்ணிய சிலிக்காத் தூள். அதிக வெப்பத்தில் எரிந்த சாம்பல் நுரையீரலுக்கு ரொம்பக் கெடுதல். அதை மூட்டை மூட்டையாகப் பிரித்துக் கொட்டுபவர் முகத்தில் முகமூடி இருக்கிறதா? படுகையில் இறங்கிச் சுரண்டுபவருக்கு பூட்ஸும் கையுறையும் இருக்கிறதா? மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்து 1993லேயே ஒரு சட்டம் வந்தது. 2013ல் வந்த சட்டம் பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்கிலும் சாக்கடையிலும் ஆளை இறக்குவதையும் சேர்த்துத் தடுத்தது. தொட்டிக்குள் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் இழப்பீடு என்று 2014ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இந்த வேலை யார் தலையில், எந்தத் தெருக்காரர்கள் தலையில் விழுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கசடை நன்றாக வடியவைக்கும் எந்த வழியும், அதைத் தொடும் கைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமே தவிர கூட்டக் கூடாது. சாம்பல் கொட்டவும் கிளறவும் இன்னும் நாலு பேர் தேவை என்று ஒரு திட்டம் சொன்னால், அது மலிவான திட்டம் இல்லை. செலவை வேறு யார் பெயரிலோ எழுதிய திட்டம்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு "இது பெரிய விஞ்ஞானிகள் வேலை" என்று ஒதுங்கத் தேவையில்லை. எந்தக் கழிவு வேலைக்காகும் என்பதை முதல் கட்டமாகப் பார்க்க ஒரு புனல், வடிதாள், அளவு ஜாடி, கடிகாரம், ஒரு நல்ல தராசு, காயவைக்க ஒரு அடுப்பு போதும். கையுறையும் முகமூடியும் கட்டாயம். அளந்த கசடில் 50 கிராம், 100 கிராம் என்று கலந்து, எவ்வளவு தண்ணீர் எத்தனை நிமிடத்தில் இறங்கியது, மிஞ்சியது எவ்வளவு எடை என்று எழுதிக்கொண்டே வர வேண்டும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கலைக் கல்லூரிகளில் வேதியியல் படிப்பவர்களும், கணக்குப் பதிவியல் படிப்பவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் வடிக்க, இன்னொருவர் கணக்கு எழுத, ஒரு செமஸ்டர் புராஜெக்ட் தாராளமாகத் தேறும். கலந்த பொருளின் எடையைக் கழித்துவிட்டுக் கணக்கு எழுதினால் அது ஊருக்கும் உதவும்.

இந்த மாவட்டத்தில் நெல் எடை போடப்படுகிறது, கரும்பு எடை போடப்படுகிறது, மல்லாட்டை மூட்டைக்கு மூட்டை எடை போடப்படுகிறது. எடைமேடை ரசீது இல்லாமல் ஒரு வண்டி ஜல்லி நகராது. கசடு வண்டியையும் அதே எடைமேடையில் ஏற்றி, உள்ளே வரும்போது எவ்வளவு, காய்ந்து வெளியே போகும்போது எவ்வளவு, நடுவில் கலந்தது எவ்வளவு என்று மூன்று எண்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தாலே போதும். எந்தச் சாம்பல் நல்ல சாம்பல் என்பதை ஒரே வருடத்தில் அந்த நோட்டே சொல்லிவிடும்.